கால் சுற்றில் திறக்கும் கதவு

பெருந்துறை குன்னத்தூர் ரோட்டில் நான் வண்டி விடும் பட்டறையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உண்டு. உள்ளே முக்கால் பாட்டிலுக்குத் திருகாணிகள். ஸ்டார் தலை, அறுகோணத் தலை, துரு ஏறியது, மரை தேய்ந்தது, தலையே இல்லாதது என்று எல்லா வகையும் கிடக்கும். பாதி, யாருடைய வண்டியிலோ பூட்ட மறந்து மிச்சமானவை. மீதிப் பாதி, யாருடைய வண்டிக்கோ போகக் காத்திருப்பவை. "சைடு கவர் போல்ட்டுன்னு தனியா நான் வெலை குடுத்து வாங்குனதே இல்லீங்க" என்பார் மெக்கானிக்.

போன வருடம் ஆடி மாதம் மோட்டார் சைக்கிள் இழுக்கவில்லை என்று கொண்டுபோய் நிறுத்தினேன். ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏனுங்ணா, ஏர் பில்டர் கடைசியா எப்பங்க மாத்துனது?"

எனக்கு ஞாபகமில்லை. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் இருந்தது. பில்டரை மாற்றினார்களா, மாற்றியதாக எழுதினார்களா என்பது அந்த முத்திரைக்குத்தான் தெரியும்.

"இந்த வண்டியில அதைத் தொறக்கறதுக்கு மூணு தினுசு ஸ்பேனர் வேணும். சீட்டையும் கழட்டோணும். எனக்கே சலிப்பா இருக்குது. நீங்க எங்க தொறந்து பாக்கப் போறீங்க?"

அன்று திறந்தபோது பில்டர் செம்மண் நிறத்தில் இருந்தது. ஓரங்களில் பஞ்சு படிந்து கெட்டித்திருந்தது. சென்னிமலையின் தறிகளுக்கும், சுற்றுவட்டாரத்து நூல் மில்களுக்கும், சிப்காட் தொழிற்பேட்டைக்கும் நடுவே ஓடுகிற வண்டி வேறு எதைச் சுவாசிக்கும்?

சுவாசிப்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு லிட்டருக்குப் பதினோரு கிலோ காற்று, அதாவது ஒன்பதாயிரம் லிட்டர். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 150 லிட்டர் காற்றை இழுக்கிறது. பெருந்துறையிலிருந்து கோவைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். ஒரு முறை போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டாயிரம் லிட்டர், ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளுகிற அளவு காற்று, அந்தக் காகிதப் பில்டர் வழியாகப் போயிருக்கும்.

ஆடியில் அந்தக் காற்று சும்மா வருவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, கோவை, திருப்பூர் தாண்டி, உழுது போட்ட காட்டு மண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. மண்ணில் இருக்கும் மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. தூசி உள்ளே போய் எண்ணெயோடு கலந்தால் அது சாணை பிடிக்கும் பசைதான். பிஸ்டன் ரிங் தேயும், கம்ப்ரெஷன் குறையும், சைலன்ஸரில் நீலம் கலந்த வெள்ளைப் புகை வரும். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் அந்த எஞ்சின் வேலையின் தொடக்கம், திறக்கச் சலிப்பாக இருந்த ஒரு பிளாஸ்டிக் மூடி.

காற்றடித்து ஊதிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது பல வண்டிகளில் இருப்பது எண்ணெய் தோய்ந்த காகிதம். அதை ஊதக்கூடாது, கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

அந்த மூடிக்கு, அதாவது சைடு பேனலுக்குப் பின்னால் பில்டர் மட்டும் இல்லை. பேட்டரி, ஃபியூஸ், ரிலே, டூல் கிட் எல்லாம் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதோடு ஒரு சின்னக் கணினியும் அதன் ஒயர்களும் அங்கே இடம் கேட்டன. வீட்டில் ஆள் கூடியது, கதவு மட்டும் பழைய கதவு.

முதலில் இந்தக் கதவே கிடையாது. கோவையின் ஜி. டி. நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, உழைத்துப் பணம் சேர்த்து வாங்கி, ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல் அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டிப் படித்துக்கொண்ட கதை கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கிய அவருடைய தொழிலுக்கு அந்தப் பிரித்தல்தான் பள்ளிக்கூடம். அந்தக் காலத்து வண்டியில் எஞ்சின், சங்கிலி, கார்புரேட்டர் எல்லாம் வெட்டவெளியில் கிடந்தன. பார்த்தவுடன் எது எங்கே போகிறது என்று புரியும். இன்றைய வண்டியை வைத்து ஒரு பையன் அப்படிப் படிக்க வேண்டுமென்றால், முதல் அரை மணி நேரம் பிளாஸ்டிக்கைக் கழற்றுவதிலேயே போய்விடும்.

மூடி வந்ததற்கும் காரணம் உண்டு. சேறும் எண்ணெயும் துணியில் படக்கூடாது, பார்க்க அழகாக இருக்க வேண்டும். பிரிட்டனின் டிரையம்ப் கம்பெனி 1957இல் ஒரு மாடலின் பின்பாதி முழுவதையும் தகரத்தால் மூடிவிட்டது. பார்க்கக் குளியல் தொட்டி மாதிரி இருந்ததால் அதற்கு அதுவே பட்டப்பெயரானது. வாங்கியவர்கள் பலர் கழற்றி வீசினார்கள். சில வருடங்களில் கம்பெனியும் கைவிட்டது. அதே பிரிட்டனில் அதற்குப் பத்து வருடம் முன்பே வின்சென்ட் கம்பெனி நேரெதிராக யோசித்திருந்தது. அவர்களுடைய ரேபிட் மாடலில் பின்சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனரே தேவையில்லை. அச்சிலேயே ஒரு குறுக்குக் கம்பி. கையால் பிடித்துத் திருகினால் கழன்று வரும். சங்கிலியையும் கையாலேயே முறுக்கலாம். பராமரிப்பை மனதில் வைத்து வண்டி செய்வது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

என் வண்டிக்கு வருகிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. பேனலின் உட்புறம் மூன்று பிளாஸ்டிக் குச்சிகள். அவை சட்டத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் போய் அமரும். முன்பக்கம் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. சீட்டுக்கு அடியில் ஒரு பத்தாம் நம்பர் போல்ட். இடது பக்கமென்றால் போனஸாகச் சேலை கார்டு. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கப்பட வேண்டும் என்பது 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. உயிர் காக்கும் விதி, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்பி வளையம் பேனலை நேராக இழுக்க விடாது. சாய்த்து இழுத்தால் குச்சி முறியும். நம் ஊரில் ஓடும் பழைய வண்டிகளின் இடது பேனலை எண்ணிப் பாருங்கள். மூன்று குச்சியும் முழுசாக இருக்கும் வண்டி அபூர்வம். மீதியைக் கட்டுக்கம்பியும் டேப்பும் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஸ்டார் ஸ்க்ரூவுக்கு ஒரு தனிக் குறும்பு உண்டு. 1936இல் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்ற சிலுவைக் குழி அது. குழியின் சுவர்கள் சரிவாக இருப்பதால், பலமாகத் திருகும்போது டிரைவரின் முனை மேலே ஏறி வெளியே நழுவும். நழுவும் ஒவ்வொரு தடவையும் குழியைக் கொஞ்சம் சுரண்டிவிட்டுத்தான் போகும். நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 1980களில் வந்த ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100, சுசூகி போன்ற நூறு சிசி வண்டிகள் ஜப்பானிய வடிவமைப்பு. ஜப்பானியர்களின் சிலுவைக் குழி பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் கோணமும் ஆழமும் சற்று வேறு. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அந்த வகை. சாதாரண ஸ்டார் டிரைவர் அதன் அடிவரை போய் உட்காராது. மரை இறுகியதால் கழலவில்லை என்று நாம் நினைத்துச் சுத்தியலால் தட்டிய பல ஸ்க்ரூக்கள், டிரைவர் பொருந்தாததால் கழலாதவை.

அதனால்தான் பலரும் செய்யும் முதல் மாற்றம், ஸ்டார் ஸ்க்ரூவைத் தூக்கிவிட்டு ஆலன் கீ போடும் போல்ட் வைப்பது. அறுகோணக் குழியின் சுவர் நேராக இருப்பதால் நழுவாது. நல்ல மாற்றம்தான். குழிக்குள் சேறு போய் அடைத்துக்கொள்ளும், ஓர் ஊசியால் தோண்டிவிட்டுத் திருக வேண்டும், அவ்வளவே. சீட்டுக்கடியில் உள்ள போல்ட்டுக்கும் அதே அளவு வைத்துவிட்டால் மூன்று ஸ்பேனர் ஒன்றாகிவிடும். செலவில்லாத சீர்திருத்தம் என்றால் இதுதான்.

ஆனால் போல்ட் எதுவானாலும் அதற்குள் நடக்கும் போராட்டம் ஒன்றே. அது தெரியாமல் மாற்றினால் பேனல் ரோட்டில் விழும்.

மரை என்பது ஒரு மலைப்பாதை. திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு போட்டு மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறோமே, அந்தப் பாதையை வளைவில்லாமல் ஒரு கம்பியைச் சுற்றி விட்டால் மரை. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு சுற்றுக்குப் பாதையின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர்; ஏறும் உயரம் ஒரு மில்லிமீட்டர். சரிவு மூன்றரை டிகிரிக்கும் குறைவு. இவ்வளவு மட்டான சரிவில் நட் தானாக உருண்டு இறங்காது, உராய்வு பிடித்துக்கொள்ளும். அந்த உராய்வுக்கு நாம் கொடுக்கும் விலையும் பெரிது. ஸ்பேனரில் நாம் போடும் முறுக்கில் பாதி தலைக்கடியில் உராய்வாகப் போகிறது. நாற்பது சதம்போல மரையில் போகிறது. மிச்சமிருக்கும் பத்து சதம்தான் போல்ட்டை இழுத்து இரண்டு பொருளையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தப் பத்து சதத்தை நம்பித்தான் நாம் ஊர் போய்ச் சேருகிறோம்.

அப்படியென்றால் போல்ட் ஏன் கழல்கிறது? ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஒரு தடவை உதறும். நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால், கோவை போய்ச் சேருவதற்குள் ஏறத்தாழ நான்கு லட்சம் உதறல். நீளவாக்கில் இழுத்துத் தள்ளும் உதறலைப் போல்ட் ஓரளவு தாங்கிவிடும். அதைக் கொல்வது பக்கவாட்டு அசைவு என்று 1969இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார்.

இதைப் புரிந்துகொள்ள ஆட்டுக்குட்டி கட்டிய முளைக்குச்சி போதும். நேராக மேலே இழுத்தால் வராது. பக்கவாட்டில் நாலு ஆட்டு ஆட்டிவிட்டு இழுத்தால் விரலுக்கு வந்துவிடும். உராய்வு ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் காவல் காக்கும். பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியதும், மற்ற திசைகளில் அதன் பிடி ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அந்தக் கணத்தில் மூன்றரை டிகிரி சரிவும் போதும், போல்ட் ஒரு மயிரிழை இறங்கும். நான்கு லட்சம் மயிரிழை சேர்ந்தால் போல்ட் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போகும்.

இதைத் தடுக்க நாம் வழக்கமாகப் போடுவது ஸ்ப்ரிங் வாஷர். சொல்ல வருத்தமாக இருக்கிறது, யுங்கர் வகைச் சோதனைகளில் அது பெரிதாக உதவுவதில்லை. போல்ட் ஒழுங்காக முறுக்கப்படுவதற்கு வெகு முன்னாலேயே அது தட்டையாகிவிடும். அதன்பின் அதுவும் ஒரு சாதாரண வாஷர். நைலான் வளையம் உள்ள லாக் நட் மேல். மரையில் ஊற்றும் பசையும் மேல். அமெரிக்காவில் ஒரு கல்லூரிப் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1953இல் உருவாக்கிய அந்தத் திரவம் வினோதமானது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். மரைக்குள் காற்று இல்லாமல், உலோகத்தைத் தொட்டதும் இறுகும். எஞ்சின் போல்ட்டுகளுக்கு அருமருந்து. சைடு பேனலுக்கு விஷம். பேனல்களில் பல ஏபிஎஸ் பிளாஸ்டிக். அந்தத் திரவம் இறுகாமல் வழிந்து பிளாஸ்டிக்கில் பட்டால், போல்ட் அழுத்தும் இடத்தில் மெல்லிய விரிசல்கள் ஓடும். பத்திரமாக இருக்கட்டும் என்று ஊற்றியதால் உடைந்த பேனலை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் அந்த ரப்பர் புஷ்ஷுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். மூன்று குச்சியையும் பிடுங்கிவிட்டு மூன்று இடத்திலும் போல்ட் போட்டு இறுக்கினால் ஆடாமல் நிற்குமே என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. காலையில் 25 டிகிரியில் இருக்கும் பேனல், மதியம் வெயிலில் நிறுத்திய வண்டியில் 55 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். இரும்பைவிட ஏபிஎஸ் ஏழெட்டு மடங்கு அதிகமாக விரியும். ஓர் அடி நீளப் பேனல் அந்த முப்பது டிகிரி ஏற்றத்தில் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் நீளும். மூன்று பக்கமும் இறுக்கிக் கட்டப்பட்ட பேனல் எங்கே போகும்? ஓட்டையின் ஓரத்தில் கிழியும்.

ஓட்டையின் ஓரம் என்று சொன்னது சும்மா இல்லை. ஒரு தகட்டை இழுக்கும்போது அதில் வட்ட ஓட்டை இருந்தால், அந்த ஓட்டையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்கு ஆகும் என்று 1898இலேயே ஜெர்மனியின் கிர்ஷ் கணக்குப் போட்டு நிறுவினார். கூரான விரிசல் முனையில் அது இன்னும் பல மடங்கு. பட்டறையில் விரிசல் ஓடிய பேனலை ஒட்டுவதற்கு முன், விரிசலின் முனையில் ஒரு சின்ன ஓட்டை போடுவார்கள். ஓட்டை போட்டால் பலவீனம் அல்லவா என்று பார்ப்பவர் பதறுவார். கூர்முனையைவிட வட்டம் சாது. விரிசல் அங்கேயே நின்றுவிடும். இதைச் செய்கிற நம் மெக்கானிக்குக் கிர்ஷ் யாரென்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆக ரப்பர் புஷ் மூன்று வேலை பார்க்கிறது. உதறலைத் தின்கிறது. பேனல் விரிய இடம் விடுகிறது. தேவைப்பட்டால் கையால் இழுத்துத் திறக்கவும் அனுமதிக்கிறது. வண்டி கட்டும் வரிசையில் ஓர் ஆள் ஒரு தட்டுத் தட்டிப் பூட்டிவிடலாம் என்பதால் கம்பெனிக்கும் லாபம். ஒரே குறை, வருடங்கள் போகப்போக ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் காய்ந்து கல்லாகும். கல்லான ரப்பரிலிருந்து குச்சியை இழுத்தால் முறிவது குச்சிதான்.

அதை மென்மையாக்குகிறேன் என்று நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெய்தான். மூன்று புஷ்ஷிலும் தாராளமாக விட்டேன். அன்று குச்சிகள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதும், தளரும் என்று படித்திருந்தும் கை கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து விஜயமங்கலம் தாண்டி ஒரு வேகத்தடையில் பேனல் கழன்று, பின்னால் வந்த டெம்போவின் சக்கரத்துக்கு அடியில் போனது. புஷ்ஷைத் தொட்டுப் பார்த்தால் கொழகொழவென்று இருந்தது. கிரீஸும் இதே வேலையைச் செய்யும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போதும், உள்ளே போனபின் காய்ந்துவிடும். அதைவிட நல்லது, சில ரூபாய்க்குப் புது புஷ் வாங்கி மாட்டுவது.

புதுப் பேனல் வாங்க வேண்டி வந்ததால்தான் மாற்றம் செய்யும் எண்ணமே எனக்கு வந்தது. ரப்பரைத் தொடுவதில்லை, போல்ட்டை மட்டும் மாற்றுவது என்று முடிவு. மாற்றாக வைத்தது கால் சுற்றுப் பூட்டு.

உக்ரைனிலிருந்து அமெரிக்கா போன வில்லியம் ட்ஸூஸ் என்பவர் 1930களில் இதை விமானங்களுக்காகச் செய்தார். விமான எஞ்சினின் மூடியை ஒவ்வொரு பறத்தலுக்கும் முன் திறந்து பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. அதே சமயம் ஆகாயத்தில் கழன்றால் ஆள் காலி. இரண்டாம் உலகப்போரில் எத்தனையோ விமானங்களின் மூடிகளில் இது இருந்தது. இன்று பந்தய மோட்டார் சைக்கிள்களின் ஃபேரிங் என்ற மேல்மூடியிலும் இதே பூட்டுதான். பார்க்க வேண்டுமென்றால், பந்தயக்காரர் கரிவர்தன் பெயரால் அமைந்த கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தய நாளன்று பிட் பக்கம் போய் நில்லுங்கள். ஃபேரிங் முழுவதும் நொடிகளில் கழன்று சுவரோரம் சாய்ந்து நிற்கும்.

அமைப்பு எளிது. மூடியில் ஒரு சிறு தண்டு. அதன் உடலில் சரிந்து வளைந்த ஒரு காடி. சட்டத்தில் ஒரு விறைப்பான கம்பி ஸ்ப்ரிங். தண்டை அழுத்தி 90 டிகிரி திருப்பினால் காடி கம்பியைக் கவ்வி இழுக்கும். இழுவை கூடிக்கொண்டே போய் ஓர் உச்சியைத் தொடும். அந்த உச்சியைத் தாண்டியதும் கம்பி ஒரு சின்னப் பள்ளத்தில் 'டக்' என்று விழும். அந்தச் சத்தம்தான் பூட்டியதற்கு ரசீது.

சாதாரணப் போல்ட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். போல்ட் சரிவில் நிறுத்திய வண்டி. உராய்வு என்ற பிரேக் விட்டால் இறங்கிவிடும். கால் சுற்றுப் பூட்டு பள்ளத்தில் நிறுத்திய வண்டி. பிரேக் இல்லாவிட்டாலும் போகாது, போக வேண்டுமென்றால் முதலில் மேடேற வேண்டும். உதறல் அந்த மேட்டை ஏற்றிவிடாத அளவுக்கு ஸ்ப்ரிங் விறைப்பாக இருந்தால் போதும். உராய்வை நம்பியிருந்த இடத்தில் ஸ்ப்ரிங்கில் சேமித்த ஆற்றலை நம்புகிறோம்.

தலையில் ஒற்றைக் காடி வைத்த வகையை நான் வாங்கினேன். பத்து ரூபாய் நாணயம் போதும். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர்தான். அதைப் பிடித்து எவ்வளவு முக்கினாலும் பிளாஸ்டிக்கை உடைக்கும் முறுக்கு வராது. நீளக் கைப்பிடி ஸ்பேனர் கொடுத்தால் நம் ஆட்கள் பலத்தைக் காட்டிவிடுவார்கள். நாணயத்தில் அந்தச் சபலத்துக்கு இடமில்லை.

வாங்கி வந்து மாட்டியதும் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இந்தப் பூட்டு கனத்தில் கறார். பேனல், வாஷர், சட்டத்துப் பட்டை மூன்றும் சேர்ந்த கனம் தண்டின் நீளத்தோடு பொருந்த வேண்டும். கனம் கூடினால் பூட்டாது. குறைந்தால் கடகடவென்று ஆடும். பட்டறைக்கு அடுத்த லேத்தில் நைலான் ராடில் வாஷர்கள் வெட்டி வாங்கினேன், அரை மில்லி, ஒரு மில்லி என்று. சேர்த்தும் எடுத்தும் பார்த்து நாலாவது முயற்சியில் 'டக்' கேட்டது. லேத்காரர் கேட்டார், "ராக்கெட்டுக்குங்களா?" சைடு கவருக்கு என்றதும் காசு வாங்க மாட்டேனென்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

கம்பி ஸ்ப்ரிங்கைப் பொருத்துவதில் மட்டும் கவனம் வேண்டும். ஏற்கெனவே போல்ட் இருந்த பட்டையிலேயே ரிவெட் அடித்துக்கொள்ளலாம். புது இடம் வேண்டுமென்று சட்டத்தின் குழாயில் டிரில் வைக்கவே கூடாது. மேலே சொன்ன மூன்று மடங்குக் கணக்கு பேனலுக்கு மட்டுமல்ல, உங்களைச் சுமக்கும் குழாய்க்கும் பொருந்தும். பேனல் உடைந்தால் காசு போகும். குழாய் உடைந்தால் கதை வேறு.

பட்டையில் பற்றவைத்த நட்டே சுழன்றுகொண்டிருந்தால் அதற்கு நட் ரிவெட் இருக்கிறது. 1930களில் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனி, விமான இறக்கையின் மெல்லிய தகட்டில் பனி நீக்கும் ரப்பர் உறையைப் பொருத்த உருவாக்கியது. பின்பக்கம் கை போகாத இடத்தில் முன்பக்கமிருந்தே புது மரை உண்டாக்கிக் கொடுக்கும். கோவையில் பெரிய ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

எல்லாம் முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது மெக்கானிக் நாணயத்தை வைத்துத் திறந்து, மூடி, திறந்து பார்த்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்: "பஸ் ஸ்டாண்டுல நிறுத்துனீங்கன்னா பேட்டரி இருக்குமுங்களா?"

நியாயமான கேள்வி. கம்பெனிக்காரர்கள் போல்ட்டைச் சீட்டுக்கடியில் ஒளித்து வைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். எனக்குச் சுலபமாகத் திறக்கும் கதவு எல்லோருக்கும் சுலபமாகத்தான் திறக்கும். அதனால் ஒரு பாதி ஏற்பாடு செய்தேன். பில்டர் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் கால் சுற்றுப் பூட்டு. அழுக்குப் பில்டரை யாரும் திருடமாட்டார்கள். பேட்டரி இருக்கும் பக்கத்தில் ஆலன் கீ போல்ட், சீட்டுக்கடியில், பழையபடி. அந்தப் போல்ட்டின் உள்முனையில் மட்டும் ஒரு சின்ன ரப்பர் வளையம் ஏற்றிவிட்டேன். கழற்றினாலும் பேனலோடு தொங்கும். இருட்டில் ஜல்லிக்குள் விழாது. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வரத்து குறைந்தது என்று மெக்கானிக்குக் குறை.

சட்டம் என்ன சொல்லும் என்று கேட்பார்கள். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சான்றை எடுத்துப் படித்துப் பாருங்கள், அதில் சைடு பேனல் போல்ட் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியில் கை வைப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. கைபேசி, வீட்டுச் சாதனம், விவசாயக் கருவி ஆகியவற்றோடு வாகனமும் அதன் பட்டியலில் இருக்கிறது. உதிரி பாகம் கிடைக்க வேண்டும், கையேடு கிடைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் பேசப்படுகிறது. சரிதான். அந்தக் கையேட்டின் முதல் படி "பேனலைக் கழற்றவும்" என்றுதான் இருக்கும் என்பதையும் யாராவது அங்கே சொன்னால் நல்லது.

என் வண்டியில் இப்போது பில்டரைத் திறக்க அரை நிமிடம் ஆகிறது. இந்த வருடம் ஆடி, ஆவணி இரண்டு மாதத்தில் நான்கு முறை திறந்து பார்த்தேன். முன்பு நான்கு வருடத்தில் அத்தனை முறை திறந்திருக்க மாட்டேன். உங்களுக்கு இந்த லேத் வேலையெல்லாம் வேண்டாமென்றால் விடுங்கள். அடுத்த முறை சர்வீசுக்கு விடுமுன், பேனலில் எத்தனை போல்ட், எத்தனை ரப்பர் புஷ் என்று எண்ணி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது அங்கேயே நின்று இன்னொரு முறை எண்ணுங்கள்.